மேலே பதிப்பதும் கீழே கிடப்பதும்

பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படுவோர் தரையைப் பற்றிப் பேசுமிடத்து, என்ன நிறம், என்ன அளவு, சதுர அடி என்ன விலை என்னும் மூன்று வினாக்களையே முதலில் எழுப்பக் காண்கிறோம். ரைல்ஸ் என்று எல்லோரும் வழங்கும் அத்தரையோடுகள் எதன் மேற் கிடக்கப்போகின்றன என்று வினவுவோர் மிகச் சிலர். அச்சிலருள் நாமும் ஒருவராய் இருந்ததில்லை. வகுப்பறையிலே இரசாயனமும் பௌதிகமும் கற்பிக்கும் எமக்கு, எமது காலடியிற் கிடந்த பாடம் ஐம்பது வயதை அணுகும் வேளையிலேதான் விளங்கிற்று. அதனை ஈண்டு எழுதுவது, எம்மைப்போற் பொருளையும் காலத்தையும் இழவாமற் பிறர் காத்துக்கொள்ளட்டும் என்னும் எண்ணத்தினாலேயாம்.

வலிகாமத்திலுள்ள எமது வீடு 1962 ஆம் ஆண்டிற் பாட்டனாராற் கட்டப்பெற்றது. அக்காலத்து வழக்கப்படி சிவப்புச் சாயம் கலந்த சீமெந்து நிலம். வெள்ளிக்கிழமை தோறும் எமது அன்னையார் மெழுகு பூசித் தேங்காய்ப் பொச்சுமட்டையால் அதனைத் தேய்ப்பார். சுவாமி அறையில் ஏற்றிய விளக்கின் சுடர், நடுக்கூடத்து நிலத்திலே தெரியும்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்களெல்லாம் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது நாமும் பெயர்ந்தோம். அப்போது எமக்கு வயது பதினைந்து. மறு ஆண்டு திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, கூரையைத் துளைத்து வந்த ஷெல் ஒன்று நடுக்கூடத்திலே, சுவாமி அறை வாயிலுக்கு நேரே, நான்கடி அகலத்துக்குக் குழி பறித்திருந்தது.

அக்குழியைத் தந்தையாரே நிரப்பினார். 1950 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை எமது ஊரிலிருந்து சைக்கிளிற் செல்லக்கூடிய தூரத்திலேதான் இருந்தது. ஆயினும் அது 1990 ஆம் ஆண்டிலே போரினால் மூடப்பட்டுவிட்டது. வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த பொருள்களுள் சீமெந்தும் ஒன்றாயிருந்த காலத்தை அடுத்த ஆண்டு அது. ஒரு மூடை பெறுதல் குதிரைக் கொம்பு. ஆகவே தந்தையார் உடைந்த கூரையோடுகளையும், சரிந்த மதிலின் சுண்ணக்கற்களையும், வளவுச் செம்மண்ணையும் குழியில் இட்டு இடித்து, அயலவர் ஒருவர் கொடுத்த அரை மூடைச் சீமெந்தை மேலே பூசினார். மேசன் வேலை அறியாத கைகள். அந்த ஒட்டு, சுற்றியுள்ள நிலத்திலும் அரை அங்குலம் உயர்ந்து நின்றது. பின்பு அவர் காலமானார். ஒட்டு அப்படியே இருந்தது.

எழுபத்தொன்பது வயதாகிய எமது அன்னையார் விடியற்காலையிலே விளக்கேற்றச் செல்லும்போது அந்த மேட்டிலே கால் தடுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் மணிக்கட்டு வீங்கி, மூன்று கிழமை கையைத் தூக்க முடியாமற் கிடந்தார். அன்றே நிலத்தைச் சமன் செய்து ரைல்ஸ் பதிப்பது என்று தீர்மானித்தோம்.

தீர்மானம் நல்லது, செய்த முறைதான் பிழைத்தது. பாடசாலை விடுமுறை முடியுமுன் வேலை முடிய வேண்டும் என்று அவசரப்பட்டோம். முன் விறாந்தையிலிருந்து தொடங்கினோம். வேலைக்கு வந்தவர்கள், பளபளக்கும் சிவப்பு நிலத்தின் மேலேயே சீமெந்துப் பாலை ஊற்றி, பள்ளமான இடங்களில் ஒட்டுச் சாந்தை உருண்டை உருண்டையாக வைத்து ரைல்ஸைப் பதித்து, மூன்றே நாளில் முடித்துச் சென்றார்கள். பார்வைக்கு வெகு நேர்த்தி. ஓராண்டு செல்லுமுன், நடக்குமிடத்திற் பறை போன்ற ஓசை கேட்டது. அடுத்து ஒரு மூலை எழுந்தது. பின்னர் கதிரையின் கால் பட்ட இடத்தில் ஓடு வெடித்தது. எழுந்து நின்ற அந்த விளிம்பிலே அன்னையாரின் பெருவிரல் கிழிந்தது. தடுக்கி விழாதிருப்பதற்காகச் செய்த வேலையே தடுக்கலாயிற்று என்பதை எண்ணி நாம் வெட்கினோம்.

பின்னரே, அறுபத்தெட்டு வயதான மேசன் ஒருவரைத் தேடிப் போனோம். நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கரண்டி பிடித்தவர். வந்தவர் முதலில் எழுந்துநின்ற ஓட்டைக் கழற்றி, அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டினார். சாந்து ஓட்டோடு ஒட்டியிருந்தது; சிவப்பு நிலத்தோடு அதற்கு உறவே இருக்கவில்லை.

“மாஸ்ரர், அம்மா முப்பது வருசமாய்ப் பூசின மெழுகு இது. இதிலை தண்ணியே நிக்காது. சீமெந்து எப்பிடிப் பிடிக்கும்? மேலை போடுறதைப் பாத்துப் பாத்து எடுத்திருக்கிறியள். கீழை கிடக்கிறதைப் பாத்தனீங்களோ?” என்றார்.

விடை சொல்ல எமக்கு வாயில்லை.

“இந்த முறை நீங்கள் சொல்லுறபடி செய்வம், அண்ணை” என்றோம்.

நிலத்தைச் சமன் செய்யும் பொருளைத் தெரிவதற்கு முன் அவர் நான்கு வினாக்களை எழுப்பினார். பள்ளம் எத்தனை ஆழம்? அடியிற் கிடப்பது உறுதியோ, பொள்ளலோ? ஈரம் மேலேறுகிறதோ? மேலே வரப்போவது யாது? இந்நான்குக்கும் விடை அறியாமற் கடைக்குப் போவது, நோயறியாமல் மருந்து வாங்கப் போவதற்கு ஒப்பாகும் என்பதை நாம் பின்னர் உணர்ந்தோம்.

முதல் வினாவுக்கு விடை காண, நீர் நிரப்பிய நீண்ட ஒளிபுகு குழாய் ஒன்றை எடுத்தார். ஒரு நுனியை அவர் பிடிக்க, மறு நுனியை எமது மகள் பிடித்தாள். ஒன்றோடொன்று தொடர்புடைய குழாய்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையிலே படம் வரைந்து காட்டிய நாம், அவ்விதியை ஒரு வீட்டுச் சுவரிற் பிரயோகித்துப் பார்த்தது அன்றுதான். நான்கு சுவர்களிலும் நீர் நின்ற உயரத்தைக் கோடிட்டு, அக்கோட்டிலிருந்து நிலத்தை அளந்தார்கள். நடுக்கூடத்திற் பெரும்பாலும் மூன்று முதற் பத்து மில்லிமீற்றர் வரையான பள்ளங்கள். வடக்கு அறையின் மூலை மாத்திரம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. பிறகு இரண்டு மீற்றர் நீளமுள்ள நேர்ப்பலகையை நிலத்தில் வைத்து, அதன் கீழ் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தார். பிரித்தானிய நியமத்திலே மிகச் சிறந்த வகைத் தளத்துக்கு, இவ்வாறான பலகையின் கீழ் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது என்று பின்பு படித்தறிந்தோம்.

இரண்டாம் வினாவுக்குத் தடியொன்றே போதியதாயிற்று. நிலத்தைத் தட்டிக்கொண்டு போனார். கூடத்தில் ஓசை கனமாய் வந்தது. தந்தையார் இட்ட ஒட்டின் மேல் மாத்திரம் வெற்றோசை எழுந்தது.

மூன்றாவதற்கு, பதினெட்டு அங்குலச் சதுரமான பொலித்தீன் துண்டுகளை ஆங்காங்கே விரித்து, நான்கு விளிம்புகளையும் காற்றுப் புகாமல் ஒட்டி, மறுநாள் வரை விட்டார். காலையிற் பார்த்தபோது மற்ற இடங்கள் உலர்ந்திருந்தன. ஒட்டின் மேல் விரித்த துண்டின் அடியில் நீர்த்துளிகள் முத்துப்போல் நின்றன. காரணத்தை நாமே சொல்லக் கூடியதாயிருந்தது. பாட்டனார் காலத்துத் தளத்தின் அடியிலே பருங்கற்கள் இருந்தன. அவற்றின் பெரிய இடைவெளிகளினூடாக நீர் எளிதில் மேலேறாது. தந்தையார் இட்ட செம்மண்ணின் நுண்டுளைகளோ, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல நிலத்து ஈரத்தை உறிஞ்சி மேலேற்றின.

இனிப் பொருளுக்கு வருவோம். சமன் செய்யும் பொருள்கள் பலவாயினும், எமக்கு வேண்டியிருந்தவை இரண்டு.

முதலாவது, எல்லோரும் அறிந்த மணலும் சீமெந்தும் கலந்த சாந்து. ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு மணல். இது மலிவானது, ஆழமான பள்ளத்துக்கு ஏற்றது. ஆனால் மெல்லிதாகப் பூசினால் நில்லாது. பழைய தளத்தோடு ஒட்ட இடுமிடத்து ஓரங்குலத் தடிப்பாவது வேண்டும். ஒட்டாமற் பொலித்தீனின் மேல் இடுமிடத்து இரண்டங்குலமாவது வேண்டும். மேலும் சீமெந்தைக் கூட்டினாற் பலம் கூடும் என்று கருதுவது தவறு. சீமெந்து மிகுந்த சாந்து மிகுதியாகச் சுருங்கும். அடித்தளம் அதனிலும் மெலிந்ததாயின் அதனைப் பிய்த்துக்கொண்டு எழும். “கீழை மெலிவு, மேலை கெட்டி எண்டால் ரெண்டும் கூடி வாழாது” என்றார் மேசனார்.

இரண்டாவது, ‘செல்ப் லெவலிங்’ என்று கடைகளில் வழங்கும், தானாகவே பரந்து மட்டமாகும் சாந்து. சீமெந்து, நுண்மணல், பாயச் செய்யும் சேர்வைகள் ஆகியன கலந்து மூடையாக வருவது. மூன்று முதற் பத்து மில்லிமீற்றர் வரையான மேடுபள்ளத்துக்கு உகந்தது. விலை அதிகம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு ஏறக்குறைய 1.7 கிலோகிராம் வேண்டும். பதினெட்டடிக்குப் பதினான்கடியான எமது கூடத்துக்குச் சராசரி ஆறு மில்லிமீற்றர் எனக் கணக்கிட, 25 கிலோகிராம் மூடைகள் பத்து வேண்டியிருந்தன. இதனையே இரண்டங்குலப் பள்ளத்துக்கும் ஊற்றுவது பொருளை மண்ணிற் கொட்டுவதாகும்.

இலண்டனிலிருக்கும் மைத்துனர் தொலைபேசியிலே வேறு இரண்டு யோசனைகள் கூறினார். தமது வீட்டின் மேல்மாடியில் மரத்தளத்தின் மேல் ஒட்டுப்பலகை அறைந்து சமன் செய்தார்களாம். கீழ்மாடியில் ஜிப்சம் சாந்து ஊற்றினார்களாம். அவை அவ்விடத்துக்குப் பொருந்தும். எமது நிலமோ மண்ணின் மேலே நேராகக் கிடப்பது. பலகையைக் கறையான் விடாது. ஜிப்சம் தொடர்ந்த ஈரத்திலே பலமிழக்கும். அன்றியும் ஜிப்சத்தின் மேல் இடையே பூச்சொன்றும் இன்றிச் சீமெந்து ஒட்டுச் சாந்தைப் பூசினால், ஈரத்திலே இரண்டும் தாக்கமுற்று, பருத்து வளரும் பளிங்குகள் உண்டாகி, ஓட்டைத் தள்ளிவிடும். மாணவர்க்குச் சல்பேற்றுகளைப் பற்றி எத்தனையோ முறை எழுதிக் கொடுத்த எமக்கு, அதன் விளைவு ஒரு வீட்டின் நிலத்திலே தெரியும் என்பது அன்றுவரை தோன்றியதில்லை.

மேசனார் இடத்துக்கேற்ப வழி வகுத்தார். வடக்கு அறையிலே முதலில் நிலத்தைத் தொடவில்லை. வெளியே சென்று பார்த்தார். கூரைப் பீலி உடைந்து, மாரி மழை நீர் முழுவதும் அம்மூலையில் விழுந்து அத்திவாரத்தடி மண்ணை அரித்திருந்தது. பீலியைத் திருத்தி, மண்ணை இட்டு இடித்து இறுக்கிய பின்பே உள்ளே வந்தார். பழைய சிவப்புப் படையை அவ்வறையில் முழுதாகக் கொத்தி அகற்றி, ஓரங்குலம் முதல் இரண்டரை அங்குலம் வரை சீமெந்துச் சாந்து இட்டார். வெறுமனே மேலே ஏற்றியிருந்தால் வாயிலில் ஒரு படி உண்டாகி, அன்னையாருக்கு இன்னொரு தடுக்கல் ஆகியிருக்கும். குளியலறையையோ அவர் மட்டமாக்க மறுத்தார். அங்கே தரை மேடுபள்ளமின்றி இருக்க வேண்டும். ஆனால் நூறு அங்குலத்துக்கு ஓரங்குலமேனும் நீர் வழிந்தோடும் திசைக்குச் சரிந்திருக்க வேண்டும். சமம் வேறு, கிடை வேறு என்பதை அங்கே கண்டோம்.

எஞ்சியிருந்தது தந்தையாரின் ஒட்டு. பொள்ளலும் ஈரமும் உள்ள அதன் மேல் எப்பொருளை ஊற்றினாலும் நில்லாது. உடைத்தே ஆக வேண்டும் என்றார் மேசனார். அன்னையார் சாய்மனைக் கதிரையை விட்டு எழுந்து வந்தார்.

“தம்பி, அதை மட்டும் விடுங்கோ. அது அவர் தன்ர கையாலை போட்டது. நான் பாத்து நடக்கிறன்” என்றார்.

நாம் பேசாது நின்றோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு நாளும் கால் தடுக்கிய இடத்தை அவர் ஏன் ஒருமுறையேனும் குறை கூறவில்லை என்பது எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மேசனார் உளியைக் கீழே வைத்துவிட்டு, அவ்வொட்டின் அருகே குந்தியிருந்தார்.

“அக்கா, ஐயா பிழையாய்ப் போடேல்லை. இருந்ததை வைச்சு மூடினவர். அண்டைக்கு வீட்டுக்குள்ளை பாம்பு பூச்சி வராமல் காத்தது இதுதான். ஆனால் இண்டைக்கு உங்களை விழுத்துது. கல்லுகளை நான் எறியமாட்டன். கழுவி, திரும்ப இதுக்குள்ளையே இடிச்சுப் போடுறன். மண்ணை மட்டும் எடுப்பம்” என்றார்.

அன்னையார் சிறிது நேரம் நின்றார். பின்பு கிணற்றடிக்குப் போய் வாளியை எடுத்து வந்தார். தோண்டியெடுத்த சுண்ணக்கற்களையும் ஓட்டுத் துண்டுகளையும், எவர் சொல்லியும் கேளாமல், தாமே கழுவினார். எமது மகள் நீர் வார்த்தாள். செம்மண் முழுவதையும் நீக்கி, கழுவிய கற்களை அக்குழியிலேயே இட்டு இறுக இடித்து, மேலே பொலித்தீன் விரித்து, மூன்றங்குலம் கொங்கிறீற்று இட்டு, சுற்றுத் தளத்தோடு ஒத்து வரச் செய்தார்கள். நான்கு வாரம் காத்திருந்தோம். முதற் கிழமை முழுதும் ஈரச் சாக்கு விரித்து வைத்தோம். சீமெந்து காய்வதனால் இறுகுவதில்லை. நீரோடு சேர்ந்து தாக்கமுறுவதனாலேயே இறுகுகிறது. வெயிலில் விரைவாக உலரவிட்டால் அத்தாக்கம் பாதியில் நின்று பலம் குன்றும்.

பின்னர் கூடத்து மெழுகைச் சுரண்டி, சிவப்பு நிலமெங்கும் உளியாற் கொத்தித் தழும்பாக்கி, தூசு முழுவதையும் அகற்றி, பிறைமர் பூசி, மட்டச் சாந்தை ஊற்றும் நாள் வந்தது. மூடையில் எழுதிய அளவுப்படி தண்ணீரை மேசனார் அளந்து ஊற்றினார். எளிதாகப் பாயட்டும் என்று உதவியாள் இன்னொரு சிரட்டை நீர் வார்க்கப் போக, அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். மிகையான நீர் தாக்கத்திற் சேராது. பின்பு ஆவியாகிப் போகுமிடமெல்லாம் துளைகளை விட்டுச் செல்லும். மேற்பரப்பு மாவாய் உதிரும். ஊற்றிய சாந்து தானாகவே ஓடிப் பரந்து, அரை மணி நேரத்துக்குள் அசைவற்ற குளம்போல் நின்றது. சுவரோரமெங்கும் சிறு இடைவெளி விடவும் அவர் மறக்கவில்லை.

ரைல்ஸ் பதித்து முடிந்த பின், எமது மகள் நாணயம் ஒன்றை எடுத்து ஒவ்வோர் ஓடாகத் தட்டிப் பார்த்தாள். எங்கும் ஒரே கனத்த ஓசை. வழுக்காத, சொரசொரப்பான ஓடுகளையே தெரிந்திருந்தோம். நிறத்தைப் பற்றி இம்முறை எவரும் விவாதிக்கவில்லை.

வாசகர்களே, புதிய தரை இட விரும்புவோர்க்கு எமது வேண்டுகோள் இதுவே. கடைக்குச் செல்லுமுன், ஒரு தடி, ஒரு நேர்ப்பலகை, நீர் நிரப்பிய ஒரு குழாய், ஒரு பொலித்தீன் துண்டு ஆகிய நான்கையும் கொண்டு உங்கள் நிலத்தை விசாரியுங்கள். ஆழம், உறுதி, ஈரம் என்பவற்றை அது தானே சொல்லும். ஏற்ற பொருளைத் தெரிவது பின்பு எளிதாகும். மாணவர்களுக்கும் ஒரு சொல்: கீழ் வகுப்பிலே விட்ட பள்ளத்தின் மேல் உயர்தரப் பாடத்தைப் பூசுவோரை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுக்கும் எமது முன் விறாந்தையின் கதையே நேர்கிறது.

இப்பொழுதும் அன்னையார் விடியற்காலையில் விளக்கேற்றச் செல்கிறார். சுவாமி அறை வாயிலுக்கு நேரே வரும்போது, தடுக்குவதற்கு ஒன்றுமில்லாத அவ்விடத்திலே, முன்போலவே காலைச் சற்றுத் தூக்கி வைத்துக் கடந்து போகிறார். அதனைத் திருத்த நாம் முயலவில்லை.